இரண்டு ஆலிவ் கிளாஸ்

"ஏன் அத்தே, மாமா கிளாஸ்ல மட்டும் ரெண்டு ஆலிவ் போடுறீங்க? எங்களுக்கெல்லாம் ஒண்ணுதானா?"

மருமகள் மிலேனா கேட்டதும் ஓர்னெல்லா சமையலறைக் கதவைச் சாத்தினாள். வெளியே திராட்சைப் பந்தலுக்கடியில் சொந்தபந்தமெல்லாம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இத்தாலியில் ட்ரெவிசோ பக்கம் ஆகஸ்ட் மாத ஞாயிறு விருந்தென்றால் சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்பிரிட்ஸ் என்ற சிவப்பு மதுக்கலவை வந்தாக வேண்டும்.

"அடையாளத்துக்குத்தான்டி. மத்த கிளாஸ்லல்லாம் புரொசெக்கோ ஒயின், சிவப்பா கசக்குமே அந்த மது, மேலாக்க கொஞ்சம் சோடா. மாமா கிளாஸ்ல ஒரு சொட்டு சரக்கு கிடையாது. பசங்க குடிக்கிற சிவப்பு சோடா. நிறம் அச்சு அசல்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வினை. இன்னும் குடிச்சா கல்லறைதான்னு டாக்டர் கையை விரிச்சிட்டாரு. இவரு, வீட்டுல ஸ்பிரிட்ஸ் இல்லேன்னா பாருக்குப் போறேன்னு நின்னாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் நானே லேசா கலந்து தர்றேன்னு சொல்லி உட்கார வெச்சிருக்கேன்."

"வெறும் பச்சத் தண்ணியத் தூக்கி வாழ்த்துச் சொன்னா குடும்பத்துக்கு ஆகாதும்பாங்களே அத்தே."

"சிவப்பா இருக்குல்ல. சாமிக்கு அவ்வளவு கூர்மையான கண்ணு இல்ல."

ஐஸை விளிம்புவரை நிரப்பி, ஆரஞ்சுத் துண்டு செருகி, தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் கண்ணுக்குக் கண் பார்த்துக் கிளாஸை இடித்துக்கொண்டார்கள். ஓர்னெல்லாவின் கணவர் ஃபெருச்சோ தன் கிளாஸில் பாதியை ஒரே மூச்சில் இறக்கினார். சற்று நேரத்தில் அவருக்கு நாக்கு அவிழ்ந்துகொண்டது.

"குவெரினோ மச்சான்," என்றார் ஓர்னெல்லாவின் அண்ணனைப் பார்த்து, "நீ ஆத்துல பிடிச்சேன்னு கொண்டு வர்ற மீனெல்லாம் சந்தையில வாங்குனது. போன தடவை வால்ல ஐஸ் ஒட்டியிருந்துச்சு."

பந்தலே சிரித்தது. குவெரினோவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். "குடிகாரன் பேச்சு, விடிஞ்சா போச்சு. விடுங்கப்பா."

ஃபெருச்சோ தள்ளாடி எழுந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் கேட்டுக்கங்க. இவளைக் கட்டினது ஒண்ணுதான் நான் உருப்படியா செஞ்ச காரியம்."

ஞாயிறு தவறாமல் சொல்வது இது. மற்ற நாளில் குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூட அவர் வாயிலிருந்து வராது. மிலேனா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"வெறும் சோடாவுக்கே இந்தப் பாடு. பாவம்," என்று ஓர்னெல்லா அவள் காதில் முணுமுணுத்தாள். இல்லாத போதையில் வரும் பேச்சு என்று தெரிந்தும் அதைக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் வருத்தமாகவும் இருந்தது.

அதற்குள் குவெரினோ ஒயின் பாட்டிலோடு குனிந்தார். "மாப்பிள்ளை, உன் கிளாஸ் காலி. இந்தா, நம்ம கையால கொஞ்சம்."

ஓர்னெல்லாவுக்கு உயிரே போய்விட்டது. அவள் எழுவதற்குள் ஃபெருச்சோ கிளாஸை உள்ளங்கையால் மூடினார்.

"வேணாம் மச்சான். இதுக்கே கிறுகிறுங்குது."

தப்பித்தோம் என்று ஓர்னெல்லா மூச்சு விட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போனதும் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஃபெருச்சோ நேராக நடந்து வந்து தன் கிளாஸைத் தொட்டியில் வைத்தார்.

"அடுத்த வாரம் வேற சோடா வாங்கு, ஓர்னெல்லா. இது ரொம்பத் தித்திக்குது."

அவள் குழாயை மூடினாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"முத வாரமே. புரொசெக்கோவுக்கும் சோடாவுக்கும் வித்தியாசம் தெரியாமயா இந்த ஊர்ல இத்தனை வருஷம் இருந்தேன்? குடிக்காம அப்படிப் பேசினா உங்கண்ணன் நம்ம வாசப்படி மிதிப்பானா?"

ஓர்னெல்லா திரும்பவில்லை. "அப்ப, என்னைப் பத்திச் சொன்னது?"

ஃபெருச்சோ துணியை எடுத்து ஈரக் கிளாஸ் ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அதைச் சொல்லவும் எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு."