மீனுக்கு அடியில் ரொட்டி

“அந்தோணியார் பிரசங்கம் கேட்ட மீனையும் நீங்க பிடிப்பியளாப்பா?” என்று, அந்தப் புனிதர் மீன்களுக்குப் பிரசங்கம் செய்த கதையைப் படித்த மகள் ஜெஸ்மி ஒருமுறை கேட்டாள்.

கடலுக்குப் போய்வந்த காலத்தில் செல்வசிங் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது துபாய் ஹோட்டலில், எச்சில் தட்டுகளைக் கழுவ நிற்கும்போது சிரிப்பு வரவில்லை.

வெளியே கூடத்தில் லிஸ்பன் பாணி அந்தோணியார் திருவிழா. சனிக்கிழமை மதிய விருந்து. போர்ச்சுகல் ஒயின், காகிதத் தோரணம், கரியில் சுட்ட சாளை மீன்.

ஊரில் கூறுபோட்டு விற்கிற அதே சாளைதான்.

ஒரு மீனின் கண்ணில் சிகரெட்டை அணைத்திருந்தார்கள். இன்னொன்றின் வாயில் பல்குத்தும் குச்சி. மேசை அலங்காரத்துக்கு வைத்த மண் அந்தோணியார், ஒயின் கிண்ணத்தில் தலைகீழாகக் கிடந்தார்.

செல்வசிங்குக்குப் பொறுக்கவில்லை. அவரை எடுத்துக் கழுவி, துடைத்து, குழாய்க்கு மேல் நிமிர்த்தி வைத்தான்.

அதைவிட, வெயிட்டர் மூசா பாய் செய்ததைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. மனிதர் ஒவ்வொரு தட்டிலும் மீனைத் தூக்கி, அடியில் இருந்த ரொட்டித் துண்டை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

சாளையை ரொட்டிமேல் வைத்துத் தின்று, மீன் எண்ணெய் ஊறிய ரொட்டியைக் கடைசியாகத் தின்பது போர்ச்சுகல்காரர்கள் வழக்கம். ருசியே அதில்தான். விருந்துக்கு வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. தொடாமல் விட்டுப் போனார்கள்.

“எச்சிலப் பொறுக்குதியளே பாய், அருவருப்பா இல்லியா?”

“ஒருத்தர் வாயும் படாததாப் பாத்துத்தான் எடுக்குறேன் தம்பி. அல் குசைஸ் பழைய லேபர் கேம்புல, பதினாலாம் நம்பர் ரூம்ல ஒம்போது பேரு பட்டினி.”

செல்வசிங் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பட்டினி கிடப்பவனுக்கு எச்சில் தட்டா?

சற்று நேரத்தில் சேதி வந்தது. இன்று வாசலில் பை சோதனை. ஒரு துண்டு வெளியே போனாலும் வேலை போய்விடும்.

மூசா பாய் பையை அவன் கையில் கொடுத்தார். குப்பையில் போடச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி போனார்.

செல்வசிங் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தான். பையிலிருந்து வாசம் எழுந்தது. கரி, உப்பு, மீன் எண்ணெய், சோள ரொட்டி.

கை அப்படியே நின்றது.

மூடியைச் சாத்தினான். பையைச் சுத்தமான பாத்திரம் ஒன்றில் வைத்து மூடி, குப்பை வண்டியின் அடித்தட்டில் செருகினான். பின்வாசலில் குப்பையை யாரும் சோதிப்பதில்லை.

வெயில் தாழும் முன் அந்தக் கேம்புக்குப் போனான். பதினாலாம் நம்பர் கதவில் ஓர் ஆணி துருப்பிடித்து நின்றது. பையை அதில் மாட்டினான்.

அந்த ஆணியை அடித்தவனே அவன்தான்.

ஆறு வருடத்துக்கு முன், அவன் வேலை பார்த்த கம்பெனி படுத்துப்போய் அந்த அறையில் பட்டினி கிடந்த நாட்களில், விடிந்ததும் கதவுக்கு வெளியே இதே வாசத்தோடு ஒரு பை தரையில் இருக்கும். ரொட்டியில் எறும்பு ஏறாமல் இருக்கத்தான் ஆணி அடித்தான்.

அந்தோணியார் அனுப்புகிறார் என்று அன்று ஜெஸ்மியிடம் போனில் சொல்லியிருந்தான்.

கதவைத் தட்டாமல் படியிறங்கினான்.