மீன் வயிற்றில் மூன்று நாள்

“யோனா மூணு நாள் மீன் வயித்துல இருந்தாராம். எந்தச் சரித்திரத்துல இருக்கு?” என்றார் சம்பந்தி. “என் பேத்திக்கு இந்தப் புளுகையெல்லாம் சொல்லாதீங்க.”

“எனக்கும் அவ பேத்திதான். இன்னைக்கே சொல்லப்போறேன்.”

“இருட்டுல, காத்தில்லாம மூணு நாளா? என்னத்தைச் சாப்பிட்டாரு?”

“பைபிள்ல இருக்கு. எனக்கு அது போதும்.”

“சாட்சி உண்டா? வெளிய வந்தவன் என்ன வேணும்னாலும் அளப்பான்.”

சம்பந்தி வாயைத் திறந்தால் அந்த மீனின் வாயெல்லாம் சின்னது. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதில் தேடுவதற்குள் பளீரென்று வெளிச்சம் பாய்ந்தது. மெக்கானிக் ஒருவழியாக லிஃப்ட் கதவை நெம்பித் திறந்துவிட்டார். கால் மணி நேரம் சிக்கியிருந்தோம்.

அப்போதுதான் பள்ளி விட்டு வந்த பேத்தி வெளியே நின்றாள்.

“எவ்ளோ நேரம் உள்ள இருந்தீங்க தாத்தா?”

சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தினார். “மூணு நாள் கண்ணு. ஒரே இருட்டு. காத்தே இல்ல.”

“அப்ப என்ன சாப்பிட்டீங்க?”

சம்பந்தி என்னைப் பார்த்தார்.

நான் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். “வா கண்ணு. தாத்தாவுக்கு முன்னாடியே ஒருத்தர் இப்படித்தான் மாட்டிக்கிட்டார். அந்தக் கதையைச் சொல்றேன்.”