எண்ணெய்க் கை

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் வெயில் முகத்தில் அறைகிறது, கண்ணுங்களா. ஆம்புலன்ஸ் உறுமிக்கொண்டு நிற்க, ஏற்றுவதற்காக இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டியைத் தள்ளி வருகிறார்கள். உள்ளே ரம்யாவின் பச்சைக் குழந்தை. உதடும் நகமும் நாவற்பழம் தின்றாற்போல் நீலம். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, சென்னையில் ஆபரேஷன். ரத்தத்தில் ஆக்சிஜன் போதாமல் மூளையிலும் சின்னக் காயம் இருக்கிறது, ஆனாலும் காப்பாற்றலாம் என்று டாக்டர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போகிறார். மாமனார் தனசேகரன் போண்டா மென்றுகொண்டே வழியை மறிக்கிறார். மீசையில் சட்னி வெள்ளையாய் ஒட்டியிருக்கிறது. "மூள கெட்டதுக்கு நெஞ்ச அறுத்து இன்னாடா பண்ணப் போற? பொட்டப் புள்ள வேற. வூட்டுக்குத் தூக்கிக்கினு வா," என்கிறார் மகனிடம். ரம்யாவின் கணவன் சரத்குமார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கிழவர் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, அதே கையைக் கண்ணாடிமேல் ஊன்றுகிறார். ஐந்து விரலும் பிசுபிசுவென்று பதிய, அதற்கடியில் குழந்தையின் முகம் மங்கிப்போகிறது. ரம்யா அந்தக் கையை இரண்டு விரலால் எடுத்து அப்பால் விடுகிறாள். "அதுக்கு மூளையில கொஞ்சம்தான் அடி, மாமா. நீங்க முழுசா வச்சிக்கினு இன்னாத்த கிழிச்சீங்க? தள்ளுங்க." பெட்டி ஏறியதும் தானும் ஏறிக்கொள்கிறாள். கணவன் பக்கம் திரும்பாமலே சொல்கிறாள்: "டிரைவரண்ணா, எடுங்க."