வறட்சி தாங்கும்

பூங்காவில் நம் ஊர்ச் செடிகளை வைத்து ஒரு மாதிரித் தோட்டம் போட்டிருந்தார்கள். புதிதாக நட்ட ஆவாரங்கன்றின் முன்னால் 'வறட்சி தாங்கும்' என்று ஒரு பலகை. அதனால் தோட்டக்காரர் பக்கத்துப் பாத்தி ரோஜாவுக்கு மட்டுமே தண்ணீர் விட்டார்.

கோடையில் கன்றின் நுனி கருகத் தொடங்கியது. தன்னை உரசிக்கொண்டு போகும் ரப்பர் குழாயிடம், "அண்ணே, எனக்கும் ஒரு வாய் தண்ணி..." என்றது.

"உனக்குத்தான் வேண்டாமாமே!"

"தாங்கும்னுதானே எழுதியிருக்கு? தாகமே எடுக்காதுன்னு எழுதலையே. வேர் இன்னும் ஆழமா இறங்கலைண்ணே."

குழாய்க்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் கன்றின் ஓரத்துக் கல்லில் உரசி உரசி, தன் உடம்பில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டது.

"என்ன மாமா, வழியெல்லாம் ஒழுகுறீங்க?" என்று ரோஜா சிரித்தது.

"வயசாயிடுச்சும்மா" என்றது குழாய், கன்றின் காலடியில் சொட்டிக்கொண்டே.