காவல் மாறும் நேரம்

முன்னாள் சிப்பாய்க்கு எதிரே ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டார் மனநல ஆலோசகர். கனமான இரும்பு நாற்காலி. நகர்த்தினால் கீழ்மாடி வரைக்கும் கேட்கும்.

"உங்க நண்பர் இதுல உட்கார்ந்திருக்கார்னு நெனச்சுப் பேசுங்க."

போர் நடந்த காலத்தில், ஓரிரவு காவலுக்கு நின்ற சிப்பாய் கண்ணயர்ந்துவிட்டார். அவரை நம்பிப் பக்கத்தில் படுத்திருந்த நண்பன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து இவருக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. எந்த அறைக்குப் போனாலும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார்.

"அசந்துட்டேன்டா," என்றார் சிப்பாய் நாற்காலியிடம். ஆலோசகரைப் பார்த்தார். "காவல் மாறும்போது அடுத்தவனைத் தோளைத் தட்டி எழுப்புவோம் மேடம். அன்னைக்கு நான் தட்டல."

"இப்பத் தட்டுங்களேன்."

எழுந்துபோய், நாற்காலி முதுகுக்குச் சற்று மேலே வெறும் காற்றில் தட்டினார். "இனி உன் முறைடா." திரும்பி வந்து உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். லேசாகக் குறட்டைகூட வந்தது.

ஆலோசகருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வெயில் தூங்குபவர் முகத்தில் விழாதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் திரும்பினார்.

காலி நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நகர்ந்த சத்தமே கேட்கவில்லை. குறட்டையும் நிற்கவில்லை.

வெளியே, அடுத்து வரவேண்டியவரின் காலடி நெருங்கியது. கதவின் கைப்பிடி அசைந்தது.

"நில்லுங்க!" என்று பதறினார் ஆலோசகர். "யாருன்னு சொல்லிட்டு உள்ள வாங்க."