முதலாவது விருப்பம்

“வந்தாறுமூலைக்கு என்ன குறை? அதையும் ஒருக்காச் சொல்லு மகள், கேப்பம்.”

வாவியிலிருந்து வந்த ஈரச் சாரத்தோடு குசினி வாசலில் குந்தியிருந்து, பற்றிக் இறாலைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மகள் றொசானி கைப்பேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“குறை எண்டு நான் சொல்லல்லயேப்பா. கொழும்ப முதலாவதாப் போடப்போறன் எண்டுதான் சொன்னன்.”

அவளுடைய புள்ளிக்கு முகாமைத்துவம் படிக்க வந்தாறுமூலை, கொழும்பு இரண்டு பல்கலைக்கழகத்திலும் அனுமதி கிடைக்கும். எதை முதலாவது விருப்பமாகப் போடுகிறாளோ அங்கேதான் இனி நாலு வருடம். விண்ணப்பத்தை இன்றைக்குள் அனுப்பிவிட வேண்டும்.

“இஞ்ச எண்டா காலையில பஸ் ஏறினா பின்னேரம் வீட்ட வந்திரலாம். அங்க விடுதியில என்னத்தத் திண்டு என்னத்தப் படிக்கப்போறாய்? மீனில முள்ளெடுக்கவே என்னக் கூப்பிடுற புள்ள நீ.”

“பழகிருவன்.”

“சிங்களம்?”

“அதும் பழகிருவன்.”

பற்றிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, சட்டிபானைதான் பேசும். இறால் சட்டி நங்கென்று தரையில் இறங்கியது. ஆனால் இன்றைக்கு வாயும் சும்மா இருக்கவில்லை.

“இது உன்ட வீடு. உன்ட அம்மாட சீதனம், இப்ப உனக்கு. நான் உன்ட அம்மாவக் கட்டி இஞ்ச வந்த மாதிரி, நாளைக்கு உன்னக் கட்டுறவனும் இஞ்சதான் வருவான். வீட்டுக்காரியே விட்டுட்டுப் போனா, நான் ஆருக்குக் காவலிருக்கிற?”

“காவலிருக்க வேணாம்.”

அந்தச் சொல் அவருக்குச் சுட்டது. மனைவி இறந்த பிறகு இவளுக்குச் சோறு கட்டிக்கொடுத்ததும், ரியூசன் முடியும்வரை ஒழுங்கை முனையில் சைக்கிளோடு நின்றதும் அவர்தான். கடைசியில் பட்டென்று இப்படி ஒரு பேச்சு.

“றீற்றாட்டயும் கேட்டன். வந்தாறுமூலைதான் நல்லம் எண்டு அவவும் சொல்றா.”

றீற்றா, றொசானியின் அம்மாவோடு கோயில் பாடகர் குழுவில் பாடியவர். கணவனைக் கடலில் பறிகொடுத்து, தன் வீட்டில் தனியாக இருப்பவர். அம்மா இறந்த புதிதில், இந்த வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறும் கறியும் அனுப்பினார். அந்த நன்றிக்கு இன்றும் பெரிய இறாலெல்லாம் அங்கேதான் போகும்.

“அன்ரி அப்பிடித்தான் சொல்லுவா,” என்றாள் றொசானி. “இதில நான் அவட சொல்லையும் கேக்கப்போறல்ல.”

“பெரிய ஆளாகிட்டாய்.” பற்றிக் இறால் சட்டியைத் தள்ளி வைத்தார். “அப்பனத் தனிய விட்டுட்டுப் போற அளவுக்கு.”

றொசானி கைப்பேசித் திரையில் விரலை அழுத்தினாள்.

“அனுப்பிட்டன்.”

பற்றிக் எழுந்து கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது. முகம் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை என்பது றொசானிக்குத் தெரியும். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்தபோது, பெரிய இறாலெல்லாம் பையில் கட்டி வாசலில் இருந்தது. பக்கத்துக் கதிரையில், கோயிலுக்குப் போடும் அவருடைய வெள்ளைச் சேட் மினுக்கி விரித்திருந்தது.

“என்னத்துக்கு இது?”

“அப்பா, பெருநாளண்டு கோயில் வளவுக்க நீங்க றீற்றா அன்ரிட்டச் சொன்னது எனக்குக் கேட்டது.”

பற்றிக் துவாயும் கையுமாக அப்படியே நின்றார்.

“‘குமர்ப்புள்ளயத் தனிய விட்டுட்டு நான் எப்பிடி உங்கட வீட்டோட வாற’ எண்டு சொன்னீங்க,” என்றாள் றொசானி. “இனி இந்த வீட்டில நான் இல்லப்பா. சேட்டப் போட்டுட்டுப் போய், உங்க ரெண்டுபேர்ட கலியாணத்தக் கோயில்ல எப்ப ஓலை வாசிச்சு அறிவிக்கிற எண்டு அன்ரிட்டக் கேட்டுட்டு வாங்க.”