பெரிய ஹால் கிடைத்தது

"கேட்ட எல்லாத்தையுமா குடுத்துட்டாரு? நிஜமாவாடி?" தோழி மரிசோலால் நம்ப முடியவில்லை.

"எல்லாத்தையும்! பெரிய ஹால், ரெண்டு மாசம், விளக்கு, திறப்பு விழா, பத்திரிகைக்காரங்க. நாம கேக்காத காபியும் குக்கீயும்கூட உண்டு."

சிக்ரிட்டுக்கு வாயெல்லாம் பல். இருக்காதா பின்னே? மினசோட்டாவின் அந்தச் சின்னக் கல்லூரியில், ஓவியக்கூடத்தின் மாணவர் மன்றத்துக்கு அவள்தான் தலைவி. பெயர்தான் மன்றம். மாணவர்கள் வரைந்ததை மாட்ட அவர்களுக்குக் கொடுத்திருந்த இடம், நிலவறையில், கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் அறைக்குப் போகிற நடை. குளிர்காலத்தில் அங்கே அடிக்கிற சூட்டில் ஓவியத்தின் வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிரும். மேலே பெரிய ஹாலிலோ, எப்போதோ செத்துப்போன ஓவியர்கள் நூறு வருஷத்துக்கு முன் வரைந்த பனி ஏரிகள் தங்க முலாம் சட்டங்களுக்குள் ஜம்மென்று வீற்றிருந்தன.

இரண்டு வருஷமாகக் கரடியாய்க் கத்திப் பார்த்தாள். போன அக்டோபரில் பொறுமை போய்விட்டது. விடுதி விடுதியாக ஏறிக் கையெழுத்து வாங்கி, ஓவியக்கூடத்து வாசலில் கூட்டத்தோடு நின்று கோஷம் போட்டாள். "செத்தவங்களைக் கழட்டு! இருக்கறவங்களை மாட்டு!"

அன்றைக்கு ஓவியக்கூடத்தின் இயக்குநர் டன்மோர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அதே மனிதர்தான் இன்று காலை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார்.

"ஒரு ஆணி அடிக்கணும்னாகூட மூணு கமிட்டி கூட்டற ஆளு. திடீர்னு என்ன ஞானோதயம்?" என்றாள் மரிசோல்.

"உனக்கு எதைக் குடுத்தாலும் சந்தேகம். சுவரைக்கூட நமக்காக அவரே காலி பண்ணி வச்சிட்டார்டி. நாம போய் மாட்ட வேண்டியதுதான்."

"நம்மகிட்ட சொல்றதுக்கு முன்னாடியே கழட்டியாச்சா?"

"ஆமா. நாம ஜெயிச்சுட்டோம். ஒரு தடவையாவது மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வையேன்."

"பதிலுக்கு என்ன கேட்டாரு, அதைச் சொல்லு."

சிக்ரிட் கொஞ்சம் தயங்கினாள். "பெருசா ஒண்ணும் இல்லை. திறப்பு விழாவுல நான் பேசணுமாம். அந்தக் கோஷத்தை அப்படியே சொல்லணுமாம்."

அது அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஏதோ கோபத்தில் கத்தியது. அந்தப் பழைய ஓவியங்கள் மேல் அவளுக்கு என்ன பகை? கொஞ்ச நாளைக்கு இடம் விட்டால் போதும் என்பதுதான் அவள் எண்ணம். டன்மோரிடமும் அதைச் சொல்லிப் பார்த்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"ஒரு வார்த்தைகூடக் குறைக்காதம்மா. தலைவின்னா சொன்ன சொல்லுல நிக்கணும். மாணவர் குரல் ஊருக்கே கேக்கட்டும்."

தலைவி என்று அவர் வாயால் கேட்டதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபது வயதில் யாருக்குத்தான் குளிராது?

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். வாசலில் பனி அப்பிய பூட்ஸுகள் குவிந்து கிடந்தன. உள்ளே, நேற்றுவரை கொதிகலன் பக்கத்தில் வெந்துகொண்டிருந்த ஓவியங்கள் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைப் பறித்தன. மரிசோல் தன் அப்பா வேலை செய்யும் பீட்ரூட் வயலை வரைந்திருந்தாள். அப்பாவே வந்து அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். சிக்ரிட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு காட்சிக்காகத்தானே இத்தனை பாடு!

மைக்கைப் பிடித்தாள். கூச்சத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அடிவயிற்றிலிருந்து சொன்னாள்.

"அன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னோம். இன்னிக்கு உள்ள வந்து சொல்றோம். செத்தவங்களைக் கழட்டு! இருக்கறவங்களை மாட்டு!"

மாணவர்கள் தரை அதிரக் காலைத் தட்டினார்கள். கேமராக்கள் மின்னின. முதலில் கைதட்டியவர் டன்மோர்தான்.

கூட்டம் காபிப் பக்கம் நகர்ந்தபோது, ஊர்ப் பள்ளியின் ஓவிய ஆசிரியை ஒருத்தி சிக்ரிட்டிடம் வந்தாள்.

"நல்லாப் பேசினேம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த ஏரி ஓவியங்களை எங்க வச்சிருக்கீங்க? வருஷா வருஷம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுவேன்."

"கவலைப்படாதீங்க, கீழ கிடங்குல பத்திரமா இருக்கு. எங்க கண்காட்சி முடிஞ்சதும் திரும்ப இதே சுவருக்கு வந்துடும்." சிக்ரிட் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். "அப்படித்தானே, மிஸ்டர் டன்மோர்?"

"வராதும்மா," என்றார் அவர், காபியை ஒரு வாய் குடித்துவிட்டு. "போன வாரமே நியூயார்க்ல ஏலம் விட்டாச்சு. காலேஜுக்குப் புது ஹாக்கி அரங்கம் கட்டணுமில்ல?"

"வித்துட்டீங்களா?" என்று ஆசிரியை கத்தியே விட்டாள். பத்திரிகைக்காரர்கள் மைக்கோடு ஓடி வந்தார்கள். டன்மோர் சிக்ரிட்டின் தோளில் வாஞ்சையாகக் கை போட்டுக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"நாங்களா எதையும் செய்யலைங்க. மாணவர்கள் கழட்டச் சொன்னாங்க, கழட்டினோம். இப்பதானே நீங்களே இவ வாயால கேட்டீங்க!"